பழைய கார்கள் இரண்டு: மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம்

இலங்கையின் வீதிகளில் ஒரு காலத்தில் ஓடிய பிரித்தானியக் கார்களுட் பல இன்று பெயரளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம் அவ்வாறல்ல. தொழிற்சாலையை விட்டு வெளிவந்து அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவை விலை பேசப்படுகின்றன. குடும்பங்களை ஏற்றிச் செல்கின்றன. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியில் நீங்கும்வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் புதிய கார் வராதிருந்தது. அக்காலத்தில் கராச்சின் மூலையில் மூடிக் கிடந்த பழைய வண்டிகளுக்குங்கூட மதிப்பு ஏறிற்று. சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து இத்தகைய காரொன்றை வாங்கும் குடும்பத்தினர், தாம் வாங்குவது யாது என்பதை அறிந்து வாங்குதல் நன்று.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'ஏ 40' என்பது ஒரே காரின் பெயரன்று. 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த டெவன், 1952 ஆம் ஆண்டில் அதனைத் தொடர்ந்த சொமர்செற், 1954 ஆம் ஆண்டில் வந்த கேம்பிறிட்ஜ், 1958 ஆம் ஆண்டில் வந்த பரீனா என்னும் நான்கும் அப்பெயரையே தாங்கின. பரீனா சிறிய இயந்திரமுடைய வேறோர் இனம். கேம்பிறிட்ஜின் இயந்திரமும் டெவன், சொமர்செற் ஆகியவற்றின் இயந்திரமன்று. எனவே "ஏ 40 ஒன்று விற்பனைக்கு உண்டு" என ஒருவர் கூறினால், "எந்த ஏ 40?" என வினவுதல் வேண்டும். முதுகு உருண்டு, முகம் புடைத்து, கியர்க் கம்பி சுக்கான் தண்டிலேயே பொருத்தப்பட்டுள்ள சொமர்செற்றே இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

மைனரிலும் இதே குழப்பம் உண்டு. ஆனால் அது வெளித் தோற்றத்தில் அவ்வளவாகத் தெரியாது. 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மைனர், 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பழைய முறை இயந்திரத்தைக் கொண்டிருந்தது. ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் 1952 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்ததும் ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. 1956 ஆம் ஆண்டில் 948 கன சென்ரிமீற்றரும், 1962 ஆம் ஆண்டில் 1098 கன சென்ரிமீற்றரும் வந்தன. முன் கண்ணாடி நடுவே பிளவுபட்டிருந்தால் அது 1956 இற்கு முற்பட்ட வண்டி. ஒரே கண்ணாடியாக இருந்தால் பிற்பட்டது. மூடிக்கு அடியிலே எந்த இயந்திரம் உறங்குகிறது என்பதற்குக் கண்ணாடியை மட்டும் நம்புதல் ஆகாது. எழுபது ஆண்டுகளில் எத்தனையோ கராச்சுகளுக்குள் புகுந்து வெளிவந்த வண்டிகள் இவை.

மைனரை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி' காரை வடிவமைத்தவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டியைக் கண்டபோது அது அளவுக்கு மிஞ்சி ஒடுங்கியதாக அவருக்குத் தோன்றிற்று. உடனே அவ்வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியே அழகென முடிவு செய்தார். மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமேயாகும். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்துவிட்டமையால், அவற்றையும் வெட்டி நடுவில் தகடு வைத்து ஒட்டினர். இது வெறுங்கதையன்று; அந்த நான்கு அங்குலம் பின்னாசனத்தில் அமர்வோரின் தோளுக்கு இடங்கொடுத்ததோடு, வளைவுகளில் வண்டி சாயாமல் நிற்கவும் உதவியது.

இனி எண்களைப் பார்ப்போம். சொமர்செற்றின் இயந்திரம் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 42 பரிவலுவும் உடையது. மைனரில் 803 இற்கு 30 பரிவலு. 948 இற்கு 37. 1098 இற்கு 48. உச்ச வேகம் சொமர்செற்றுக்கு மணிக்கு 70 மைல் அளவில். 803 மைனருக்கு 62 மைல். 948 மைனர் 70 மைலைச் சிறிது தாண்டும். நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்டுவதற்கு 948 மைனருக்கு முப்பது விநாடி அளவிலும், சொமர்செற்றுக்கு அதற்கும் ஐந்தாறு விநாடி கூடுதலாகவும் தேவைப்படும். 803 மைனரோ ஐம்பது விநாடிக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இன்றைய சிறிய யப்பானியக் காரொன்றோடு ஒப்பிட்டால் இவை யாவும் நகைப்புக்கிடமான எண்களே.

இவ்வெண்களைக் கொண்டு மைனரே வல்லது என முடிவு கட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சோதனைகளில் ஓட்டப்பட்ட வண்டியில் ஓட்டுநரும் இன்னொருவருமே இருந்திருப்பர். குடும்பக் கார் அவ்வாறு ஓடுவதில்லை. மைனரின் நிறை ஏறத்தாழ 760 கிலோகிராம். சொமர்செற்றின் நிறை ஏறத்தாழ 980. வெறும் வண்டியாகக் கணக்கிட்டால் ஒரு தொன் நிறைக்கு 948 மைனரில் 49 பரிவலுவும், சொமர்செற்றில் 43 உம், 803 மைனரில் 39 உம் கிடைக்கின்றன. ஐந்து பேரையும் அவர்களது பெட்டி படுக்கைகளையும் ஏற்றி 350 கிலோகிராம் கூட்டிவிட்டால், அவ்வெண்கள் முறையே 33, 32, 27 என ஆகிவிடுகின்றன. முன்னர் ஆறாக இருந்த வேற்றுமை ஒன்றாகச் சுருங்கிவிட்டது. சிறிய வண்டிக்கு ஒவ்வொரு பயணியும் பெருஞ் சுமை; பெரிய வண்டிக்கு அவ்வளவு இல்லை. மேலும் சொமர்செற்றின் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவையைத் தருவது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து பேரோடு ஏறும்போது 948 மைனரை அது பின்தங்க விடாது; சிறிதளவு முந்தவும் கூடும். 803 மைனரோ மூச்சு வாங்கும்.

இடவசதியைப் பொறுத்தவரையில் ஐயத்துக்கு இடமில்லை. மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம்; சொமர்செற் அதனிலும் ஏறத்தாழ ஓரடி நீண்டது. முன்பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரமும் 86 அங்குலத்துக்கு எதிராக 92½ அங்குலம். மைனரின் பின்னாசனத்தில் இருவர் இனிதாக இருக்கலாம். மூன்றாமவர் குழந்தையாக இருத்தல் நன்று. கியர்க் கம்பி தரையை அடைத்துக்கொள்ளாமையால் சொமர்செற்றின் முன்வரிசையில் மூன்றாமவர் ஒருவர் ஒடுங்கியேனும் அமரலாம். வாடகைக் கார்களாக ஏ 40 கள் பெரிதும் விரும்பப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வசதிக்கு விலை பெற்றோலிலே செலுத்தப்படுகிறது. ஒழுங்கான நிலையிலுள்ள 948 மைனர் ஒரு கலனுக்கு 38 மைல் அளவில் ஓடும். அதாவது லீற்றருக்குப் பதின்மூன்றரைக் கிலோமீற்றர். சொமர்செற் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் எனக் கொண்டால், ஒரு வழிப் பயணத்திலேயே ஒன்பது பத்து லீற்றர் வேறுபடுகிறது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் நிரையில் நின்றவர்களுக்கு இவ்வேறுபாட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சுக்கானைப் பிடித்து ஓட்டும் இன்பத்தில் மைனருக்கு நிகராக அக்காலச் சிறு கார்களுட் சிலவே உண்டு. பற்சட்டமும் பற்சில்லும் நேராகப் பொருந்திய சுக்கான் அதற்கு உண்டு. கை அசைந்த அளவுக்குச் சில்லு அசையும். சொமர்செற்றின் சுக்கான் பழைய முறையைச் சேர்ந்தது. தேய்ந்த வண்டியாயின், கை திரும்பிச் சிறிது நேரங் கழித்தே சில்லு திரும்புவது போலத் தோன்றும். அதன் கியர்க் கம்பியும் பல இணைப்புகள் வழியாகப் பெட்டியை அடைவதால், இணைப்புகள் தேய்ந்தபின் இரண்டாங் கியரைத் தேடி அலைய நேரிடும். இரண்டு வண்டிகளிலும் முதற் கியர் ஓடும்போது இலகுவில் விழாது. இரண்டிலும் நான்கு சில்லுகளுக்கும் பறைத் தடுப்புகளே உள்ளன. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது தடுப்பை ஓயாது மிதிப்பவர், அது சூடேறிப் பிடிமானம் இழப்பதை அடிவாரத்துக்கு முன்னரே உணர்வார். ஏறிய கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்று பழைய சாரதிகள் கூறியது இவ்வண்டிகளை அறிந்தே.

இதுவரை கூறியவை புதிய வண்டிக்கும் பொருந்துவன. பழைய வண்டியை வாங்குவோரின் உயிரோடு தொடர்புடைய வேற்றுமை வேறோரிடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் உள்ளது.

சொமர்செற்றுக்கு உறுதியான இரும்பு அடிச்சட்டம் தனியாக உண்டு. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. உடற்றகடு கறள் பிடித்து ஓட்டையானாலும் வண்டியைத் தாங்குவது சட்டமே. மைனருக்குத் தனிச்சட்டம் இல்லை. தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும், குறுக்குச் சட்டமும் ஒன்றாக ஒட்டப்பட்டு, உடலே சட்டமாக நிற்கிறது. நிறை குறைந்ததும், எரிபொருள் மிஞ்சியதும் இதனாலேயே. ஆனால் அத்தகடுகளைக் கறள் தின்றுவிட்டால் தின்னப்படுவது வண்டியின் முதுகெலும்பாகும். கடற்காற்று ஓயாது வீசும் பருத்தித்துறை, மன்னார், மட்டக்களப்பு போன்ற இடங்களில் இருந்த வண்டியாயின் இதில் இரட்டிப்பு விழிப்பு வேண்டும். பளபளக்கும் புதிய வர்ணத்தைக் கண்டு மயங்காமல், கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். பின் வில்லுகள் உடலோடு பூட்டப்படும் இடங்களைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். வண்டியின் ஒரு பக்கத்தைச் சற்றே உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தல் நல்ல சோதனை. கதவு இறுகினால் உடல் வளைகிறது என்பது பொருள்.

மைனரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முன் சில்லைத் தாங்கி நிற்கும் நெடுந்தண்டின் இரு முனைகளிலும் புரிவெட்டப்பட்டு, அவை 'ட்றனியன்' எனப்படும் உலோகத் துண்டுகளுக்குள் திரும்புகின்றன. அப்புரிகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் இட வேண்டும் என்பது விதி. கிறீஸ் காணாது ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியில் புரி தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, சில்லு வண்டிக்கு அடியில் மடிந்து விழும். பெரும்பாலும் சுக்கானை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டும்போதே இது நிகழ்கிறது என்பது ஓரளவு ஆறுதல். ஆயினும் வேகமாகச் செல்லும்போது நிகழாது என எவரும் உறுதி கூற முடியாது. முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்வு தெரியும். தெரிந்தால், விலையைக் குறைத்துக் கேட்பதோடு நின்றுவிடாமல், அதனை மாற்றும்வரை அவ்வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதிருத்தல் வேண்டும்.

இயந்திரத்துக்கு வருவோம். இங்கே வடபகுதி வண்டிகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புதிய வண்டிகள் முற்றத்தில் நிற்க, பழைய மைனரும் ஏ 40 உம் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. இதன் காரணம் நெருக்கல் விகிதம் என்பதில் அடங்கியுள்ளது. முசலம் உருளைக்குள் மேலெழும்போது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறதோ அதுவே நெருக்கல் விகிதம். தரங்குறைந்த எரிபொருளை மிகுதியாக நெருக்கினால், உரிய வேளைக்கு முன் தானே வெடித்து இயந்திரத்தில் தட்டொலி எழும். சொமர்செற்றிலும் 803 மைனரிலும் கலவை ஏழு மடங்கை ஒட்டியே நெருக்கப்பட்டது. ஆகையால் அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. 948 மைனரிற் பெரும்பாலானவை எட்டு மடங்குக்கு மேல் நெருக்குவன. அவை முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தன. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே அரிதாகக் கிடைத்த சிறிதளவு பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்து, அதனால் இயந்திரத்தை எழுப்பிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இம்முறையைப் பொறியியற் கல்லூரி எதுவும் கற்பிக்கவில்லை. ஊர்க் கராச்சுகள் தாமே கண்டுகொண்டன.

அந்தச் சேவைக்கு இயந்திரம் கொடுத்த விலை சிறிதன்று. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வழிந்து கீழேயுள்ள எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்தது. நீர்த்த எண்ணெய் உருளைகளையும் தாங்கிகளையும் காப்பதில்லை. அவ்வாண்டுகளைக் கடந்துவந்த வண்டியாயின், பின்னர் உருளைகள் மீளக் குடையப்பட்டனவா, தாங்கிகள் மாற்றப்பட்டனவா என்பதை விசாரித்தறிய வேண்டும். விசாரணையால் அறியாததைப் புகை அறிவிக்கும். நன்கு சூடேறிய இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓடவிட்டு, மிதியை விட்டு மீண்டும் அழுத்தும்போது நீலப் புகை எழுந்தால் எண்ணெய் எரிகிறது. சுமையோடு ஏற்றத்தில் ஆழ்ந்த தட்டொலி கேட்டால் தாங்கிகள் தேய்ந்துவிட்டன. 803 மைனரின் தாங்கிகள் மென்மையானவை. 948 இல் தண்டும் தாங்கிகளும் வலுப்படுத்தப்பட்டன. மைனர்களுள் 948 அல்லது 1098 ஐத் தேடுவதே அறிவுடைமை என்பதற்கு இது ஒன்றே போதும்.

இலங்கையில் 2002 ஆம் ஆண்டில் பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. நகர்ப்புறக் குழந்தைகளின் உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. இவ்விரு வண்டிகளுக்கோ சிறு தொல்லை. ஈயம் படிந்து காத்துவந்த வெளிப்போக்கு வால்வுகளின் இருக்கைகள் இப்போது மெல்ல மெல்லத் தேய்ந்து உட்செல்கின்றன. தலைப்பாகத்தைக் கழற்றிக் கடினமான இருக்கைகளைப் பொருத்துவது ஒருமுறைச் செலவு. அது செய்யப்பட்டிருந்தால் விற்பவர் சொல்லாமல் விடமாட்டார்.

உதிரிப்பாகம் கிடைப்பதில் மைனருக்கே வெற்றி. அதன் 803, 948, 1098 இயந்திரங்களின் இனம் 1951 ஆம் ஆண்டு முதல் 2000 ஆம் ஆண்டு வரை பல அளவுகளில் மினி முதலிய வண்டிகளுக்காகத் தொடர்ந்து செய்யப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் ஆக்கப்பட்டமையால் வெளிநாடுகளிலும் அதன் பாகங்களை இன்னும் செய்கின்றனர். 1990 களில் இலங்கையிலேயே மைனரின் உடற்றகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. சொமர்செற்றின் இயந்திரம் 1954 உடன் காரில் வழக்கொழிந்தது. அதன் பாகங்களுக்கு இன்னொரு சொமர்செற்றையே வாங்கி உடைக்க வேண்டிய நிலை வரலாம். அல்லது கைதேர்ந்த கடைசற்காரர் ஒருவரின் நட்பு வேண்டும். யாழ்ப்பாணத்தில் அத்தகையோர் இன்னும் உளர். ஆனால் முதியோராகி வருகின்றனர்.

ஆகவே நால்வர் அடங்கிய குடும்பம் தினந்தோறும் சமநிலத்தில் ஓடுவதற்கு, அடித்தகடு உறுதியான 948 அல்லது 1098 மைனர் பொருத்தமானது. ஆறேழு பேரோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாதத்தில் நான்கைந்து முறை எடுப்பவருக்குச் சொமர்செற் கூடுதல் ஆறுதலைத் தரும். அடித்தகடு உக்கிய 1098 மைனரும், சட்டம் உறுதியான சொமர்செற்றும் ஒரே விலைக்குக் கிடைக்குமானால், எண்கள் யாது கூறினும் சொமர்செற்றையே எடுத்தல் வேண்டும்.

பணம் கைமாறுவதற்கு முன் செய்யவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. மைனர் பலவற்றில் பழைய இயந்திரம் அகற்றப்பட்டு யப்பானிய இயந்திரம் பூட்டப்பட்டிருக்கிறது. அது ஓட்டத்துக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியிருத்தல் வேண்டும். பதிவுப் புத்தகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஒரு துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலக்கம் பொருந்தாவிடின், பதிவைத் திருத்தும் பொறுப்பை விற்பவரிடமே விட்டு, அது முடிந்தபின் முற்பணம் கொடுக்கலாம்.